சிங்கப்பூரும் ஹாங்காங்கும்: இரண்டு சமூகங்களை ஒப்பிடுவது எப்படி?

சிங்கப்பூர், ஹாங்காங் இரண்டில் எது வசதியான ஊர்? இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது தலா மொத்த உள்நாட்டு உற்பத்தி என்ற எண். 2023இல் அது சிங்கப்பூரில் சுமார் 85,000 அமெரிக்க டாலர். ஹாங்காங்கில் சுமார் 50,000. சிங்கப்பூர்க்காரர் ஒன்றரை மடங்குக்கு மேல் வசதியானவர் என்று முடிவுகட்டிவிட்டுப் பலர் அத்தோடு நின்றுவிடுகிறார்கள். அந்த எண் பொய்யில்லை. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டால்தான் வழி தவறிவிடுகிறது.

ஒப்பிடப் பழகுவதற்கு இவ்வளவு பொருத்தமான ஜோடி ஆசியாவில் வேறு இல்லை என்பது என் எண்ணம். இரண்டும் பிரிட்டிஷ்காரர்கள் வளர்த்த துறைமுகங்கள். சிங்கப்பூரில் அவர்கள் 1819இல் கால்வைத்தார்கள். ஹாங்காங் தீவை 1842இல் சீனாவிடமிருந்து எழுதி வாங்கினார்கள். இரண்டிலும் சீனர்கள் பெரும்பான்மை. இரண்டிலும் சொல்லிக்கொள்ளும்படியான இயற்கை வளம் எதுவும் கிடையாது. குடிநீருக்குக்கூட அண்டை நிலத்தை நம்பியிருந்த ஊர்கள் இவை. சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. ஹாங்காங் 1997 ஜூலை 1 அன்று சீனாவிடம் திரும்பிப் போனது. அந்த 1997இல் இரண்டின் தலா உற்பத்தியும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஹாங்காங்கில் சுமார் 27,000 டாலர், சிங்கப்பூரில் சுமார் 26,000. இத்தனை ஒற்றுமை இருப்பதால், வேறுபாடு தென்படும் இடத்தில் அதன் காரணத்தைத் தேடிப் பிடிப்பது எளிதாகிறது.

தலா உற்பத்தி யார் கைக்குப் போகிறது?

ஓர் எல்லைக்குள் ஓராண்டில் உருவான பொருள்கள், சேவைகள் அனைத்தின் மதிப்பையும் கூட்டினால் மொத்த உள்நாட்டு உற்பத்தி. அதை மக்கள்தொகையால் வகுத்தால் தலா உற்பத்தி. இந்த இரண்டாவது எண்ணை நாம் 'ஆளுக்கு இவ்வளவு வருமானம்' என்று படித்துவிடுகிறோம். ஆனால் உற்பத்தியான மதிப்பில் ஒரு பங்கு சம்பளமாகிறது, ஒரு பங்கு நிறுவனங்களின் லாபமாகிறது, ஒரு பங்கு வரியாக அரசுக்குச் செல்கிறது. லாபம் வெளிநாட்டு முதலாளிக்குப் போனாலும் அது உற்பத்தி நடந்த ஊரின் கணக்கில்தான் ஏறும்.

சிங்கப்பூரின் பொருளாதாரம் இந்த விஷயத்தில் தனி ரகம். 1960இல் ஐ.நா. குழுவுக்குத் தலைமை தாங்கி வந்த டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ், வெளிநாட்டு நிறுவனங்களை அழைத்துவந்து தொழிற்சாலைகள் அமைக்கும் வழியைப் பரிந்துரைத்தார். நிதியமைச்சர் கோ கெங் சுவீ அதை முன்னின்று நடத்தினார். 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் பிறந்தது. சதுப்பு நிலமாகக் கிடந்த ஜூரோங் தொழிற்பேட்டையானது. இன்றும் உற்பத்தித் துறை அந்நாட்டுப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மருந்து, மின்னணுச் சில்லு, ரசாயனம் ஆகியவைதான் முக்கியம். அத்தகைய ஆலையில் வேலைசெய்வோர் சில நூறு பேராக இருக்கலாம். அது உருவாக்கும் மதிப்போ மிகப் பெரியது. லாபத்தில் பெரும்பகுதி தாய் நிறுவனம் இருக்கும் நாட்டுக்குக் கிளம்பிவிடும்.

ஹாங்காங்கின் கதை நேர்மாறானது. 1970களில் பிளாஸ்டிக் பூ, ஆடை, பொம்மை, கைக்கடிகாரம் என்று உலகுக்கே அனுப்பிக்கொண்டிருந்த ஊர் அது. 1978க்குப் பிறகு சீனா கதவைத் திறந்ததும் முதலாளிகள் எல்லை தாண்டிக் குவாங்டாங் மாகாணத்துக்கு ஆலைகளை மாற்றிக்கொண்டார்கள். இப்போது ஹாங்காங்கில் உற்பத்தித் துறையின் பங்கு சுமார் 1 சதவீதம். ஆலை அங்கே, முதலாளி இங்கே என்பதால் அந்த லாபம் ஹாங்காங்குக்குத் திரும்பி வருகிறது.

இதைப் பிடிக்கத்தான் மொத்த தேசிய வருமானம் என்ற இன்னோர் அளவு இருக்கிறது. எங்கே உற்பத்தியானது என்பதை விட்டுவிட்டு, வருமானம் யாருக்கு உரியது என்று அது பார்க்கிறது. சிங்கப்பூருக்கு இந்த எண் உள்நாட்டு உற்பத்தியைவிடக் குறைவு. ஹாங்காங்குக்கு அதிகம். இந்த ஒரு திருத்தத்திலேயே இடைவெளி கணிசமாகச் சுருங்கிவிடுகிறது.

இன்னும் ஒரு படி போகலாம். குடும்பங்கள் உண்மையில் செலவழிக்கும் தொகை என்ன? சிங்கப்பூரில் அது மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஹாங்காங்கில் மூன்றில் இரண்டு பங்கு. 85,000இல் மூன்றில் ஒன்று 28,000 சொச்சம். 50,000இல் மூன்றில் இரண்டு 33,000 சொச்சம். தராசு மறுபக்கம் சாய்கிறது! முதன்முறை இந்தக் கணக்கைப் போடும் எவருக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

அப்படியானால் ஹாங்காங்கில்தான் வாழ்க்கை மேலா? அங்கே குடும்பங்கள் செலவழிக்கும் பணத்தில் பெரும்பங்கு எதற்குப் போகிறது என்று பார்த்தால் அந்த எண்ணமும் நிலைக்காது. வீட்டு வாடகையும் 'நுகர்வு' என்ற தலைப்பில்தான் வருகிறது. அதைப் பிறகு விளக்குகிறேன்.

வகுக்கும் எண்ணையும் ஒரு பார்வை பார்க்கவேண்டும். 2024 நடுவில் சிங்கப்பூரில் வாழ்ந்தவர்கள் சுமார் 60 லட்சம் பேர். அவர்களில் குடிமக்கள் 36 லட்சம் பேர். நிரந்தரவாசிகள் 5 லட்சத்துக்குச் சற்று அதிகம். மீதி 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்கோ படிப்புக்கோ வந்த வெளிநாட்டவர்கள். அவர்களில் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. தலா உற்பத்தியைக் கணக்கிடும்போது அவர்களும் வகுக்கும் எண்ணுக்குள் வருகிறார்கள். ஆனால் அந்நாடு வெளியிடும் குடும்ப வருமானப் புள்ளிவிவரங்களில் அவர்கள் கிடையாது. குடிமக்கள், நிரந்தரவாசிகளின் குடும்பங்களை மட்டுமே அவை எடுத்துக்கொள்கின்றன. ஆக, ஒரே நாட்டின் இரண்டு எண்கள் இரண்டு வேறு கூட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன.

2023இல் சிங்கப்பூர்க் குடும்பத்தின் இடைநிலை மாத வருமானம் (பாதிக் குடும்பங்கள் இதற்கு மேல், பாதி இதற்குக் கீழ்) 10,869 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்றார்கள். அதில் முதலாளி செலுத்தும் சேமநிதிப் பங்கும் சேர்த்தி. வேலைக்குப் போகும் ஒருவராவது உள்ள குடும்பங்கள் மட்டும் கணக்கு. ஹாங்காங்கில் அந்த எண் 30,000 ஹாங்காங் டாலருக்குச் சற்றுக் கீழே. அமெரிக்க டாலரில் மாற்றினால் சிங்கப்பூரில் பாதிகூட வராது. ஆனால் அதில் ஓய்வுபெற்ற முதியவர் தனியாக வாழும் வீடுகளும் அடக்கம். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் விளக்கத்தை ஒரு நிமிடம் படித்திருந்தால் போதும்.

1961 முதல் 1971 வரை ஹாங்காங்கின் நிதிச் செயலராக இருந்த ஜான் கௌபர்த்வைட், உள்நாட்டு உற்பத்திப் புள்ளிவிவரத்தைத் திரட்டுவதற்கே உடன்படாமல் இருந்தார். எண் கையில் கிடைத்தால் அதிகாரிகள் பொருளாதாரத்தைத் திருத்துகிறேன் என்று புகுந்துவிடுவார்கள் என்பது அவர் கவலை. வரி குறைவு, தலையீடு குறைவு என்ற அந்த ஊரின் மனப்போக்கை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

இரண்டு தீ விபத்துகள்

வாழ்க்கைத் தரத்தைப் பொறுத்தவரை இந்த இரு ஊர்களின் வேறுபாட்டில் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து கிளைக்கிறது என்றே நினைக்கிறேன்: அரசு தன் கையிலிருந்த நிலத்தை என்ன செய்தது?

1953 கிறிஸ்துமஸ் இரவில் ஹாங்காங்கின் செக் கிப் மெய் குடிசைப் பகுதியில் தீப்பிடித்தது. சீனாவின் உள்நாட்டுப் போரிலிருந்தும் புரட்சியிலிருந்தும் தப்பி வந்தவர்கள் மரப்பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய வீடுகள். ஒரே இரவில் 50,000 பேருக்கு மேல் தெருவில் நின்றார்கள். அரசு அவர்களுக்காக ஆங்கில எச் எழுத்தின் வடிவில் உயரமான குடியிருப்புகளைக் கட்டியது. பெரியவர் ஒருவருக்கு 24 சதுர அடி, குழந்தைக்கு அதில் பாதி. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 120 சதுர அடியில் ஓர் அறை. குழாயும் கழிப்பறையும் பொது. சமையல் அறைக்கு வெளியே நடைபாதையில். மொட்டைமாடியில் பள்ளிக்கூடம் நடந்தது. அந்தக் கட்டடங்களில் மெய் ஹோ ஹவுஸ் என்ற ஒன்றை மட்டும் இடிக்காமல் பாதுகாத்து, இப்போது இளைஞர் விடுதியாகவும் அருங்காட்சியகமாகவும் வைத்திருக்கிறார்கள்.

1961 மே 25 அன்று ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. பிற்பகலில் சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் (குடிசைகள் நிறைந்த கிராமத்தில்) தீ மூண்டது. 15,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கி ஒன்றேகால் ஆண்டுதான் ஆகியிருந்தது. தமிழ் நாளிதழ்களில் 'வீவக' என்று சுருக்கமாக எழுதப்படும் அதே அமைப்பு. அதற்கு முன்பிருந்த பிரிட்டிஷ் கால அமைப்பு 32 ஆண்டுகளில் கட்டியது சுமார் 23,000 வீடுகள். வீவக 1965க்குள் 50,000 வீடுகளைத் தாண்டியது.

தொடக்கம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. குடிசை, தீ, அரசு கட்டிய அடுக்குமாடி. இதற்கு மேல்தான் பாதை பிரிகிறது.

1964இல் சிங்கப்பூர், மக்கள் அரசு வீட்டை வாடகைக்கு எடுப்பதைவிடச் சொந்தமாக வாங்கவேண்டும் என்று திட்டம் போட்டது. 1966இல் நிலக் கையகப்படுத்தும் சட்டம் வந்தது. 1973இல் அதில் செய்த திருத்தப்படி, எடுத்துக்கொள்ளும் நிலத்துக்கு அன்றைய சந்தை விலை, 1973 நவம்பர் விலை இரண்டில் எது குறைவோ அதுதான் இழப்பீடு. அந்த அடிப்படை ஆண்டை இடையிடையே மாற்றினாலும், முழுச் சந்தை விலை கொடுக்கும் முறை 2007இல்தான் திரும்பியது. நிலச் சொந்தக்காரர்களுக்கு இது பெரிய இழப்பு. கம்பத்து வீட்டையும் கோழிக் கூண்டையும் பழமரங்களையும் விட்டுப் பத்தாவது மாடிக்குப் போன குடும்பங்களின் மனக்கசப்பும் சின்னதல்ல. அந்த விலையைச் சொல்லாமல் சிங்கப்பூரின் வெற்றியை மட்டும் புகழ்வது நேர்மையாகாது. இன்று நிலத்தில் சுமார் 90 சதவீதம் அரசுடையது; கடலை நிரப்பிச் சேர்த்த நிலமும் அதில் உண்டு.

1968இல் இன்னொரு கதவைத் திறந்தார்கள். மத்திய சேமநிதியில் கட்டாயமாகச் சேர்க்கும் பணத்தை வீடு வாங்கப் பயன்படுத்தலாம் என்றார்கள். இப்போது 55 வயது வரை ஊழியர் சம்பளத்தில் 20 சதவீதமும் முதலாளி 17 சதவீதமும் அந்தக் கணக்கில் போடவேண்டும். மாதத் தவணை கையிலிருந்து போகாமல் சேமநிதியிலிருந்தே போவதால், சாதாரணச் சம்பளக்காரருக்கும் வீடு எட்டியது. சிங்கப்பூர்க் குடும்பங்கள் செலவழிக்கும் பங்கு ஏன் குறைவு என்பதற்கும் இதில் பாதி விடை கிடைத்துவிடுகிறது: சம்பளத்தின் கணிசமான பகுதி கட்டாயச் சேமிப்பாகிவிடுகிறது.

இன்று சிங்கப்பூர்வாசிகளில் முக்கால் பங்குக்கு மேற்பட்டோர் வீவக வீடுகளில் இருக்கிறார்கள். சொந்த வீட்டில் வாழும் குடும்பங்கள் சுமார் 90 சதவீதம். புதிதாகக் கட்டும் நான்கறை வீடு சுமார் 90 சதுர மீட்டர், அதாவது ஆயிரம் சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. அவர்கள் கணக்கில் கூடமும் ஓர் அறை. மூன்று படுக்கையறையும் கூடமும் சேர்ந்தால் நான்கறை.

இனி ஹாங்காங். அங்கே தனியார் நில உடைமைதான் நிலவுகிறது என்று நினைத்திருந்தால் அது சரியல்ல. ஹாங்காங்கில் கிட்டத்தட்ட எல்லா நிலமும் அரசுடையதே. மத்திய வணிகப் பகுதியிலுள்ள செயின்ட் ஜான் தேவாலயத்தின் நிலத்தைத்தான் விதிவிலக்காகச் சொல்வார்கள். மற்றவர்கள் அனைவரும் அரசிடம் குத்தகைக்கு எடுத்தவர்கள். ஆக இரண்டு ஊர்களிலும் நிலக்கிழார் அரசே. ஹாங்காங் அந்த நிலத்தை ஏலத்தில் கூடுதல் விலைக்குக் கேட்பவருக்குக் கொடுத்து, அந்தப் பணத்தில் அரசை நடத்தியது. வரி குறைவாக வைத்திருக்க முடிந்தது அதனால்தான். நிறுவன லாப வரி 16.5 சதவீதம். சம்பள வரி 15 சதவீத அளவில். அதையும் பெரும்பாலோர் முழுதாகக் கட்டவேண்டியதில்லை. விற்பனை வரியே கிடையாது. 2017-18இல் அரசின் மொத்த வருவாயில் கால் பங்குக்கு மேல் நில விற்பனையிலிருந்து வந்தது.

இந்த ஏற்பாட்டின் உள்முடிச்சைக் கவனிக்கவேண்டும். நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றால்தான் விலை நிற்கும். விலை நின்றால்தான் வரியை உயர்த்தாமல் சமாளிக்கலாம். வீடு வாங்குகிறவர் வரியாகக் கட்டாததை விலையாகக் கட்டுகிறார். 1984இல் பிரிட்டனும் சீனாவும் செய்துகொண்ட உடன்படிக்கையில்கூட, 1997 வரை ஆண்டுக்கு 50 ஹெக்டேருக்கு மேல் நிலம் வழங்கக்கூடாது என்று பொதுவான வரம்பு வைத்தார்கள். மொத்தப் பரப்பில் சுமார் 40 சதவீதம் வனப் பூங்காக்கள். வீடுகளுக்கு ஒதுங்கியது ஏறத்தாழ 7 சதவீதம்தான். புதிய பிரதேசங்கள் எனப்படும் வடபகுதியில், 1972 முதல், பூர்வ கிராமத்து ஆண் வாரிசு ஒவ்வொருவரும் மூன்று மாடி வீடு கட்டிக்கொள்ளும் உரிமை பெற்றிருக்கிறார். நகரத்து ஏழைக்கு அறை கிடைக்காத ஊரில் இப்படி ஓர் உரிமை இன்னும் தொடர்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஹாங்காங் அரசு வீடு கட்டவில்லை என்று சொல்லக்கூடாது. 1972இல் ஆளுநர் மெக்லெஹோஸ் 18 லட்சம் பேருக்கு வீடு என்று பத்தாண்டுத் திட்டம் அறிவித்தார். இன்றும் மக்களில் 45 சதவீதம் பேர் அரசு வாடகை வீடுகளிலோ மானிய விலையில் வாங்கிய வீடுகளிலோ இருக்கிறார்கள். 1997இல் முதல் தலைமை நிர்வாகி துங் சீ ஹ்வா ஆண்டுக்கு 85,000 வீடுகள் என்றார். அதே ஆண்டு ஆசிய நிதி நெருக்கடி வந்தது. 2003க்குள் வீட்டு விலை பாதிக்கும் கீழே சரிந்தது. கடன் வாங்கி வீடு வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள், வீட்டின் மதிப்பைவிட அதிகக் கடனோடு தவித்தன. திட்டத்தைக் கைவிட்டார்கள். அதன் பிறகு கட்டுவது குறைந்தது, விலை மீண்டும் ஏறியது. நடுத்தரக் குடும்பத்தின் 20 ஆண்டு மொத்த வருமானத்தைக் கொட்டினாலும் நடுத்தர வீடு ஒன்று வாங்க முடியாது என்ற நிலைவரை போனது.

அந்த வரிசையின் கடைசியில் இருப்பவர்களைப் பார்க்கவேண்டும். பழைய கட்டடத்தின் ஒரு வீட்டைப் பலகைச் சுவர் வைத்து நான்காகவோ ஐந்தாகவோ தடுக்கிறார்கள். ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு குடும்பம். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம். கழிப்பறையை ஒட்டியே அடுப்பு. குழந்தை கட்டிலின் மேல் மடக்கு மேசையை வைத்து வீட்டுப் பாடம் எழுதுகிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2 லட்சத்துக்கும் அதிகமானோர் இத்தகைய பிரித்த அறைகளில் வாழ்ந்தார்கள். ஆளுக்குச் சராசரியாக 6 சதுர மீட்டர். சதுர அடிக் கணக்கில் பார்த்தால் இந்த அறைகளின் வாடகை பெரிய வீடுகளுடையதைவிடப் பெரும்பாலும் அதிகம். அரசு வாடகை வீட்டுக்கான சராசரிக் காத்திருப்பு 2022இல் ஆறு ஆண்டைத் தொட்டது. 2024இல் அரசு, பிரித்த அறை குறைந்தது 8 சதுர மீட்டராவது இருக்கவேண்டும், சன்னலும் தனிக் கழிப்பறையும் வேண்டும் என்று அறிவித்தது.

தலா உற்பத்தியில் உலகின் முன்வரிசையில் நிற்கும் ஊரில்தான் இதெல்லாம் நடக்கிறது.

சிங்கப்பூர் முறையிலும் ஓட்டை இருக்கிறது. வீவக வீடு 99 ஆண்டுக் குத்தகை. காலம் முடிந்தால் அரசுக்குத் திரும்பும். கேலாங் வட்டாரத்தில் 191 தனியார் வீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தபோது, நிலம் இழப்பீடு இல்லாமல் அரசிடம் போனது. அவை வீவக வீடுகளல்ல. ஆனாலும் தன் ஆயுள் சேமிப்பு முழுவதையும் வீட்டில் போட்டவர்கள் அதைப் பார்த்துக் கலங்கியதில் வியப்பில்லை. திருமணமாகாதவர் 35 வயதுக்குப் பிறகுதான் வீவக வீடு வாங்கலாம் என்பது இன்னொரு குறை.

மற்ற அளவுகள்

விலைவாசியைச் சமன்செய்து ஒப்பிட, வாங்கும் திறன் சமநிலை என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். அதாவது, ஒரே கூடைப் பொருள்களுக்கு ஒவ்வோர் ஊரிலும் என்ன விலை என்று பார்த்துப் பணமதிப்பைத் திருத்துவது. இதிலும் சிங்கப்பூரின் தலா எண் ஹாங்காங்கைப்போல ஏறத்தாழ இரு மடங்கு வருகிறது. ஆனால் அது சராசரிக் கூடை. சிங்கப்பூரில் கார் வாங்க முதலில் உரிமைச் சான்றிதழ் வாங்கவேண்டும். 2023இல் பத்தாண்டுக்கான சான்றிதழே 1 லட்சம் வெள்ளியைத் தாண்டியது, கார் விலை தனி. உணவங்காடி நிலையத்தில் கோழிச் சோறு ஐந்தாறு வெள்ளிக்குக் கிடைக்கிறது. கார் வேண்டாதவருக்கு ஒரு விலைவாசி, வேண்டுபவருக்கு வேறொன்று.

வரியிலும் பார்க்கவேண்டியது உண்டு. சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2024 முதல் 9 சதவீதம், ஹாங்காங்கில் இல்லை. ஹாங்காங்கில் கட்டாய ஓய்வூதிய நிதி 2000 டிசம்பரில்தான் தொடங்கியது. ஊழியர் 5, முதலாளி 5 சதவீதம். மருத்துவத்தில் ஹாங்காங் தாராளம்: 2017 முதல் பல ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நாளுக்கு 120 ஹாங்காங் டாலர்தான் கட்டணம். சிங்கப்பூரில் மருத்துவச் சேமிப்பு, காப்பீடு, மானியம் மூன்றையும் கலந்த முறை. இரண்டு வழியும் ஆயுளைக் கூட்டியிருக்கின்றன. பிறக்கும் குழந்தைக்கு எதிர்பார்க்கப்படும் ஆயுள் இரு ஊரிலும் 83ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது. தலையில் இத்தனை நெருக்கடியைச் சுமக்கும் ஹாங்காங்தான் இதில் ஒரு படி மேலே.

ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு 0 என்றால் எல்லாருக்கும் சமம், 1 என்றால் எல்லாம் ஒருவருக்கே. ஹாங்காங்கில் 2016இல் வரிக்கும் உதவிக்கும் முன் 0.539. சிங்கப்பூரில் 2023இல் 0.433. இங்கும் அந்தச் சிறிய எழுத்தை மறக்கவேண்டாம்: சிங்கப்பூரின் எண்ணில் தங்குவிடுதிகளில் வாழும் வெளிநாட்டு ஊழியர்கள் இல்லை. அவர்களைச் சேர்த்தால் அந்த எண் இவ்வளவு கீழே இருக்காது.

பண்பாடு தனியாக நிற்பதில்லை

பண்பாடு என்றதும் பொருளாதாரத்தை மூடிவைத்துவிட்டுப் பண்டிகை, உணவு என்று பட்டியல் போடுவது வழக்கம். இந்த இரு ஊர்களில் வீட்டு வரைபடமே பண்பாட்டைத் தொட்டிருக்கிறது. 1989 முதல் சிங்கப்பூரில் ஒவ்வொரு வீவக புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடத்திலும்) இன விகிதம் உண்டு. இப்போதைய வரம்பு: சீனர் 87 சதவீதத்துக்கு மேல் கூடாது, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவர்களும் சேர்ந்து 15. இதனால் தமிழ்க் குடும்பத்தின் அண்டை வீட்டில் சீனரும் எதிர் வீட்டில் மலாய்க்காரரும் இருப்பது இயல்பு. நோன்புப் பெருநாள் பலகாரமும் தீபாவளி முறுக்கும் அதே நடைபாதையில் கைமாறுகின்றன. தனித்தனிச் சேரிகள் உருவாகவில்லை என்பது பெரிய சாதனை. ஆனால் இந்திய ஒதுக்கீடு நிரம்பிய புளோக்கில் சீனர் ஒருவர் இந்தியருக்கு வீட்டை விற்க முடியாது. சீன ஒதுக்கீடு நிரம்பிய இடத்தில் வீட்டை விற்க நினைக்கும் தமிழர், வாங்குவோரில் பெரும்பான்மையினரான சீனருக்கு விற்க முடியாமல் குறைந்த விலைக்கு இறங்கவேண்டி வரும். ஒற்றுமைக்கான செலவில் சிறுபான்மையினர் தங்கள் அளவுக்கு மேல் கட்டுகிறார்கள்.

மொழியிலும் அரசின் கை தெரிகிறது. சிங்கப்பூரில் ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் நான்கும் அதிகாரத்துவ மொழிகள். நாணயத்திலேயே 'சிங்கப்பூர்' என்று தமிழில் படிக்கலாம். 1979இல் தொடங்கிய மாண்டரின் இயக்கம், ஹொக்கியென், கான்டனீஸ் போன்ற சீன வட்டாரமொழிகளை வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் ஒதுக்கியது. பாட்டியிடம் பேச மொழியில்லாத பேரக்குழந்தைகள் வளர்ந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றவர்கள் 48 சதவீதம். தமிழ் என்றவர்கள் 2.5 சதவீதம். அதிகாரத்துவ இடம் இருந்தும் வீட்டில் தமிழ் சுருங்கி வருவது நமக்குக் கவலை தரவேண்டிய செய்தி.

ஹாங்காங்கில் பத்தில் ஒன்பது பேர் அளவில் கான்டனீஸ் பேசுகிறார்கள். ஒரே மொழி, தணிக்கை குறைவு, தொழில் நடத்தத் தடையில்லை என்ற மூன்றும் சேர்ந்தபோது, 1970களிலும் 80களிலும் அந்தச் சின்ன ஊர் ஆசியா முழுவதும் பார்த்த படங்களையும் கேட்ட பாட்டுகளையும் உருவாக்கியது. புரூஸ் லீயையும் ஜாக்கி சானையும் நம்மூர்ச் சிறு நகரத் திரையரங்குகள்வரை கொண்டுவந்தது அந்தச் சூழல். கலையில் சிங்கப்பூர் அதன் பக்கத்தில்கூட வரவில்லை என்பதைத் தயங்காமல் சொல்லலாம். உணவிலும் இதே வேறுபாடு. சிங்கப்பூர் தெருவோர வியாபாரிகளை 1986க்குள் உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றியது; குறைந்த வாடகை, குழாய், வடிகால். 2020இல் யுனெஸ்கோ அந்தப் பண்பாட்டைப் பட்டியலில் சேர்த்தது. ஹாங்காங்கில் சா சான் டெங் எனப்படும் தேநீர்க்கடைகள், ஏறிக்கொண்டே போகும் கடை வாடகையோடு போராடி நின்றன. துணிவடிகட்டியில் வடித்த கெட்டியான பால் தேநீரும் வெண்ணெய் வைத்த அன்னாசி பன்னும் அவற்றின் அடையாளம்.

அரசியலை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரை 1959 முதல் மக்கள் செயல் கட்சி ஆள்கிறது. தேர்தல் உண்டு, வீட்டுக் கொள்கையே அந்தக் கட்சியின் பெரிய பலம். ஹாங்காங் மக்கள் தங்கள் தலைமை நிர்வாகியை நேரடியாகத் தேர்ந்தெடுத்ததே இல்லை. பேச்சுரிமையும் பத்திரிகைச் சுதந்திரமும் நெடுங்காலம் அங்கேதான் கூடுதலாக இருந்தன. 2019 போராட்டங்களுக்கும் 2020 தேசியப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் பிறகு அந்த ஒப்பீடு தலைகீழானது. போராட்டத்துக்குக் காரணம் வீட்டு விலை மட்டுமே என்று சிலர் எழுதினார்கள். அது அந்த மக்களின் அரசியல் கோரிக்கையைச் சிறுமைப்படுத்துவது. ஆனால் சொந்தமாக ஓர் அறைக்கு வழி தெரியாத தலைமுறையின் கோபம் அதில் கலந்திருந்தது என்பதையும் மறுக்க முடியாது.

இத்தனைக்கும் பிறகு ஓர் எண் என் வாதத்துக்கு அடங்காமல் நிற்கிறது. மக்கள்தொகை குறையாமல் இருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் பிறக்கவேண்டும். ஹாங்காங்கில் 2022இல் அது சுமார் 0.7. இடமே இல்லாத வீட்டில் குழந்தை எப்படி என்று உடனே காரணம் சொல்லிவிடலாம். ஆனால் புதுமணத் தம்பதியருக்கு முன்னுரிமை கொடுத்து ஆயிரம் சதுர அடி வீடு தரும் சிங்கப்பூரிலும் 2023இல் அது 0.97க்கு இறங்கி, முதல்முறையாக ஒன்றுக்குக் கீழே போனது. நீண்ட வேலை நேரம், சிறு வயதிலேயே தொடங்கும் பள்ளிப் போட்டி, அதற்கான துணைப்பாட வகுப்பு, வீட்டுப் பொறுப்பு பெண்ணுக்கே என்ற வழக்கம் ஆகிய நான்கும் இரண்டு ஊருக்கும் பொது. அவற்றில் எதையும் வீவக கட்டிக்கொடுக்க முடியாது.